ஆண் நிறத்தில் ஒரு தாய்

கைபிடி உடைந்த தேநீர்க் கோப்பையைக் குப்பையில் போடட்டுமா என்று இன்று காலை மனைவி கேட்டாள். வேண்டாமென்று வாங்கி, உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். அடியில் இன்னும் பாசி வழுக்குகிறது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, மச்சான்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய மழைக்காலம் அது. கொழும்புக் கோட்டையில் மருந்து இறக்குமதி செய்யும் கம்பனியில் உனக்கு வேலை. நான் வெள்ளவத்தையில் குடியிருந்து, ஒரு கல்லூரியில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே துறைத் தலைவர் பதவி காலியாகக் கிடந்தது. மாதிரிக்கு வந்த ஆண் ஹோர்மோன் குளிசைகள் சிலவற்றை ஒருநாள் சட்டைப்பையில் கொண்டுவந்தாய். "தேயிலைத் தோட்டத்துக் கிழட்டுத் துரைமார் விழுங்கிறது. கப்பி மீனுக்கு என்ன செய்யுதெண்டு பாப்பம்" என்றாய்.

கொட்டாஞ்சேனையில் உன் வீட்டுப் பின்விறாந்தையில் இரண்டு தொட்டிகள். ஒன்றில் சாம்பல் நிறப் பெட்டைகள், மற்றதில் குஞ்சுகள். தண்ணீரில் கரையாத குளிசையைச் சாராயத்தில் கரைத்துத் துளித்துளியாக விட்டோம். சில வாரங்களில் பெட்டைகளின் உடம்பில் செம்மஞ்சளும் நீலமும் ஏறின. குஞ்சுகளுக்கும் நிறம் வந்தது. அதோடு வளர்வது நின்றுவிட்டது. "நிறம் வந்தவுடன வளர்த்தி நிண்டுபோச்சு, உன்ர கொலிஜ் பெரியாக்களைப் போல" என்று நீ சொல்ல, வயிறு நோகச் சிரித்தேன்.

பெட்டைகளை ஆண்களாக்கிய தொட்டி என்று மீன் கண்காட்சியில் என் பெயரில் வைத்தோம். கல்லூரி அதிபர் துரை வந்து பார்ப்பார், பதவி எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன். ஒருமுறை கூடிய பெட்டை ஆணின் விந்தணுவை மாதக்கணக்காக உடம்பில் வைத்திருக்கும் என்பதை நாம் இருவருமே எண்ணவில்லை. துரை கண்ணாடியருகே குனிந்த நேரம், இருந்தவற்றில் மிக வடிவான 'ஆண்' குஞ்சு ஈன்றது.

துரை சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லாரும் சிரித்தார்கள். பின்னர் அந்தப் பதவியில் இருத்தப்பட்டவனும் அங்கே நின்றான். அவனுடைய பற்களை நான் மறக்கவில்லை.

நீ சிரிக்கவில்லை. மற்ற மீன்கள் குஞ்சுகளை விழுங்கத் தொடங்கியதைக் கண்டது நீ மட்டும்தான். தலைகுனிந்து நின்ற என்னைத் தோளில் இடித்தாய்.

"முதல்ல அந்தக் கோப்பையை எடு, மச்சான். வெக்கத்தைப் பேந்து படலாம்."

துரை குடித்து வைத்த கோப்பை அது. கோட்டுக் கையோடு தண்ணீரில் கையை விட்டுக் குஞ்சுகளை அள்ளினாய். திரும்பும்போது டிராமில் அதைக் கையால் மூடி மடியில் வைத்திருந்தாய். "நிறத்தைத்தான் மாத்தினம். தாயை மாத்தேலாமல் போச்சு, பார்" என்றாய். தோற்றவன் பேசும் குரலாக அது இல்லை.

துரையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தப் பற்களையும்தான். முன்பென்றால் இதை உன்னிடம் சொல்லிச் சொல்லித் தீர்ப்பேன். நீ மீனுக்கு இரை போட்டபடி கேட்டிருப்பாய். இப்போது கேட்க ஆளில்லை.

அந்தக் குஞ்சுகளின் வழிவந்தவைதான் என் தொட்டியில் ஓடுகின்றன. ஒரு பெட்டைக்கு வயிறு கறுத்திருக்கிறது. இன்றோ நாளையோ ஈனும். கோப்பையைக் கழுவித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.