போடாத ஊசி

என்னங்க,

இனி ஒரு பூனையோ நாயோ வீட்டுக்குள்ள வந்தா இருக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனீங்க. முதல்லயே சொல்லிடறேன், ஒண்ணு வந்திருக்கு. திட்டறதானா நேர்ல வந்து திட்டுங்க.

நேத்து கிளினிக்குக்கு ஒருத்தர் பூனையோட வந்தார். வெளிநாடு போறாராம், வச்சுக்க ஆளில்லையாம். "ஊசி போட்டு முடிச்சிடுங்க டாக்டர்"ன்னார். அதுக்கு ஒரு நோயும் இல்ல. அந்த ஊசி போடறப்போ கடைசி வரைக்கும் வளர்த்தவங்கதான் பிடிச்சுக்கணும்ங்கிறது என் சட்டம், உங்களுக்குத் தெரியுமே. அதைச் சொன்னா மனசு மாறுவார்னு பார்த்தேன். அதை என்கிட்டயே விட்டுட்டு அழுதுக்கிட்டே கிளம்பிப் போயிட்டார். ஊசியோட நின்ன என் கையை அது நக்கிச்சு.

சாயங்காலம் போன் பண்ணி, "வலிச்சுதா டாக்டர்?"னு கேட்டார்.

"இல்ல"ன்னேன்.

பொய் இல்லையே. உண்மையை முழுசா சொன்னா வேற டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடுவார். சொல்லாம இருக்கவும் எனக்கு உரிமையில்ல. யார்கிட்ட கேக்கறது?

வீட்டுக்கு வந்ததுலேர்ந்து அது என்னைத் திரும்பியும் பார்க்கல. நீங்க விட்டுட்டுப் போன செருப்பு மேல படுத்துக்கிட்டு, லிஃப்ட் சத்தம் கேட்டா காதை நிமிர்த்துது. "அவர் வரமாட்டார்டி"ன்னு சொல்ல வாயெடுத்தேன். முடியல. நானும் அப்போ கதவைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

இன்னமும்
உங்க வீட்டுக்காரிதான்