கியாரண்டி முடிந்த மறுநாள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் என் வாலுப் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். மூன்றாவது ஆள் யார் என்று முழிக்காதே, என் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து அதற்குக் கரண்ட் கொடுக்கும் அந்தக் கறுப்பு பவர் சப்ளைதான். நேற்றோடு அதன் பத்து வருஷ கியாரண்டி முடிந்தது. இன்று காலை சுவிட்சைப் போட்டேன், மூச்சுக் காட்டாமல் ஓடுகிறது. ஜெயித்துவிட்டேனடா! போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ 'சரிம்மா சரிம்மா' என்று பேச்சை மாற்றிவிடுவாய். கடிதமென்றால் கடைசிவரை படித்துத்தானே ஆகவேண்டும்.

நினைவிருக்கிறதா, அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த சமயம் அது. கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து கொடுக்கும் வேலையை நான் அப்போதுதான் பிடித்திருந்தேன். பின்னறைக் கதவில் போர்வையைத் தொங்கவிட்டு, ஜன்னலைச் சாத்தி, வேர்க்க வேர்க்க வாசித்து அனுப்பினால் பதிவு நிலையத்துப் பெண் திருப்பி அனுப்பிவிடுவாள், 'பின்னாடி யாரோ குறட்டை விடுறாங்கம்மா' என்று. நானும் உன் அப்பாவைச் சந்தேகப்பட்டு, பாவம், முன்னறைக்குத் துரத்தினேன். அங்கே போயும் குறட்டை நின்றபாடில்லை. கடைசியில் ரிப்பேர்க்காரர் வந்தார், எதைக் கழற்றி மாட்டினாலும் ஒரு திருகாணியை மிச்சம் வைத்துவிட்டுப் போவாரே, அவர்தான். குறட்டை விடுவது பவர் சப்ளையின் விசிறி என்றார். மலிவாக ஒன்று போட்டால் கொஞ்ச காலம் சும்மா இருக்கும், அப்புறம் மறுபடி பாட ஆரம்பிக்கும். விலை கூடியது என்றால் சூடேறினால்தான் விசிறியே சுற்றும், பத்து வருஷம் கியாரண்டி. விலையைக் கேட்டதும் எனக்கே தலை சுற்றியது, பொய் சொல்ல மாட்டேன்.

உன்னைக் கேட்டேன். 'இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா பத்து வருஷ கியாரண்டி, சாதாரணமா ஒண்ணு வாங்கிப் போடுங்க' என்றாய். கம்ப்யூட்டரை மனதில் வைத்துத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் ஸ்பீக்கர் போட்டிருந்தது, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். 'அவன் சொல்றது சரிதானே, டாக்டர் எனக்கே ஆறு ஆறு மாசமாத்தான் நாள் குடுக்கிறார், இதுக்குப் பத்து வருஷமா' என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது. வீம்பு என்றே வைத்துக்கொள், அன்று சாயங்காலமே வாங்கிவிட்டேன். சத்தத்துக்காகப் பாதி, அந்தப் பத்து வருஷத்துக்காகப் பாதி. அவ்வளவு காலம் உழைக்கிற பொருள் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ள மனுஷரும் இருந்துதானே ஆகவேண்டும் என்று ஒரு பைத்தியக்காரக் கணக்கு. மாட்டிய அன்றே அப்பா காதை வைத்துப் பார்த்துவிட்டு, 'இது ஓடுதா, போய்ச் சேர்ந்துடுச்சா' என்றார். வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று கத்தினேன். அதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம், அந்தப் பக்கம் போனால் பெட்டியின் பின்னால் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்ப்பார். எனக்கும் ஒரு பழக்கம் இருந்தது, உன்னிடம் சொன்னதில்லை. மத்தியானம் அவர் கண்ணயர்ந்தால், வாசிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய் அவர் மூக்கருகே கை வைத்துப் பார்ப்பேன். பயம்டா, அவ்வளவு பயம்.

அப்புறம் என்ன, திரை மாறியது, மௌஸ் மாறியதற்குக் கணக்கே இல்லை, கம்ப்யூட்டரின் மற்ற உள்பாகங்களையே இரண்டு தடவை மாற்றியாயிற்று, அந்தப் பவர் சப்ளை மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. கரண்ட் தாறுமாறாக ஏறி இறங்கிய அன்று எதிர்வீட்டு டி.வி. கருகிப் போனது, இதுவோ ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்துகொண்டது. அதற்காக ஒரேயடியாகத் தூக்கிவைத்துப் பேசமாட்டேன். கரண்ட் பில் குறையும் என்றார் ரிப்பேர்க்காரர், அப்படி ஒன்றும் குறையக் காணோம். உன் தங்கை தனக்கும் இதே மாதிரி வாங்கட்டுமா என்று கேட்டபோது வேண்டவே வேண்டாம் என்றேன். என்றைக்கோ ஒருநாள் பில் கட்டத் திறக்கிறவளுக்கு அது தண்டம். தினமும் அதன் எதிரில் வாயைத் திறந்து பிழைக்கிற எனக்குத்தான் அது முதலீடு.

நேற்று ரிப்பேர்க்காரரை வரச் சொன்னேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை, அப்பாவே கீழே போய் அழைத்து வந்தார். மாடி ஏறி வந்ததில் இரைத்தது யாருக்குத் தெரியுமா, ரிப்பேர்க்காரருக்கு! அப்பா அவர் பையையும் வாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தூசியை ஊதி, சோதித்துப் பார்த்துவிட்டு 'இதுக்கு இப்போதைக்கு ஒண்ணும் ஆகாதும்மா' என்று சொல்லி, வழக்கம்போல ஒரு திருகாணியை மிச்சம் வைத்துவிட்டுப் போனார். அப்பா அதை விரலில் உருட்டிக்கொண்டே, 'இனிமே எனக்கும் கியாரண்டி இல்ல, அதுக்கும் இல்ல, ஆனா ரெண்டும் ஓடுது பாத்தியா' என்றார். இந்தத் தடவை நான் கத்தவில்லை. இன்னொன்று கேள். போன வாரம் அந்தப் பதிவு நிலையத்துப் பெண் ஒரு அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பினாள், மறுபடி பின்னாடி குறட்டையாம். போட்டுக் கேட்டேன். இந்தத் தடவை சாட்சாத் உன் அப்பாவேதான், போர்வையையும் தாண்டி, கணீரென்று! மூக்கருகே கை வைத்துப் பார்க்கிற பழக்கம் எப்போது என்னை விட்டுப் போனதென்று அப்போதுதான் யோசித்தேன், ஞாபகமே வரவில்லை. அழுகையும் சிரிப்புமாக அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து வாசித்து அனுப்பினேன். பல பாகம் கொண்ட பெரிய நாவல் ஒன்று இருக்கிறதாம், முடிக்க வருஷக்கணக்கில் ஆகும், யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். யோசிக்கவே இல்லை, சரி என்றுவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, பேத்தியைப் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட விடாதே. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்கவேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறந்துவிடாதே, அப்பாவுக்கு நடைப் பயிற்சிக்கு ஷூ வாங்கி அனுப்புகிறேன் என்றாயே, சீக்கிரம் தேயாத அடியாகப் பார்த்து வாங்கு. இந்த வயசுக்கு இது போதும் என்று மலிவில் தேடாதே. கடையில் எது ரொம்ப நாள் உழைக்கும் என்று கேட்டு, அதை வாங்கு.

இப்படிக்கு,
வாதத்திலும் வீம்பிலும் ஜெயித்த
உன் அம்மா