நோன்பென்று பெயர் வைத்த பட்டினி

07.04.2025, திங்கள்
பெருநாள் முடிந்து ஒரு கிழமை. ஷவ்வால் மாத உபரி நோன்பு பிடித்திருக்கிறேன். பெல்ட்டில் இன்னுமோர் ஓட்டை போடவேண்டி வந்தது. பள்ளியில் ளுஹர் தொழுதுவிட்டு வரும்போது பக்கத்து வீட்டு ஸெய்னுதீன், "றஹ்மான் காக்கா, ஒங்கட மொகத்துல நூர் வழியிது" என்றார், நாலு பேர் கேட்க. முகத்தில் ஒளியாம்; சந்தோஷமாகத்தான் இருந்தது.

நோன்பு திறக்க மனைவி பரீதா பொரித்து வைத்த கட்லட்டைப் பூனைக்குப் போட்டேன். சீனி கொஞ்சம் கூட என்று போன வருடம் டொக்டர் சொன்னதிலிருந்து சீனியை விட்டேன், பிறகு சோற்றை, பிறகு தேங்காய்ப்பாலை. இப்போது வாழைப்பழத்தையும் நம்புவதில்லை. இந்தப் போக்கில் சீனி வருத்தம் பூனைக்குத்தான் வரும்.

10.04, வியாழன்
பரீதா கேட்டாள்: "வருசம் முழுக்கப் பிடிக்கிறீங்களே, அல்லாஹ்வுக்கா, பெல்ட்டுக்கா?"
மனைவிமார் இவ்வளவு சரியாகக் கேள்வி கேட்கக்கூடாது.

18.04, வெள்ளி
ஜும்ஆத் தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதுக்குப் போனவன் எழும்ப ஏலாமல் கிடந்தேன். எல்லாரும் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தும் நான் அப்படியே. பக்தி என்று நினைத்து ஒருவரும் தொடவில்லை, ஸெய்னுதீன் கண்கலங்கினாராம். ஃபேனை நிறுத்த வந்த, பாங்கு சொல்லும் முஅத்தின் தோளைத் தட்ட, பக்கவாட்டில் சரிந்தேன்.

19.04, ஆஸ்பத்திரி
நாடித்துடிப்புக் குறைவு. பொட்டாசியம் குறைவு, அதனால் இதயம் எப்போது வேண்டுமானாலும் தடுமாறலாமாம். முகத்து நூர் - இரத்தசோகை வெளுப்பாம்.

டொக்டர் லக்சனா, என் மகள் வயது இருக்கும், உண்ணுதலில் வரும் மனநோய் இது என்றார். சிலர் தின்னப் பயப்படுவார்கள், சிலர் நிறுத்த முடியாமல் தின்பார்கள், சிலர் தின்றதை வாந்தியெடுப்பார்கள். இளம் பெண்களுக்கு வருவதல்லவா என்றேன்.
"வருத்தம் அடையாள அட்டை பார்த்து வாறேல்லை, ஐயா."

நோன்பும் கூடாதாம். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. அப்படியானால் இவ்வளவு நாளும் யாருக்காகப் பிடித்தேன்?

22.04
அரைக் கோப்பை சோறு. திடீரென்று நிறையச் சாப்பிட்டாலும் உடம்பு தாங்காதாம். கவலைப்படாதீர்கள், டொக்டர்.

20.05
சோற்றைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி ஒளித்தேன். பரீதா கண்டுவிட்டாள். ஏசவில்லை. அதுதான் பொறுக்க ஏலாமக் கிடக்கு. என்னையே கேட்டேன்: எழுபத்திரண்டு வயசில சோத்த ஒளிக்கிறாய் - என்ன மனிசனடா நீ?

06.06, வெள்ளி
நாளை ஹஜ்ஜுப் பெருநாள், இன்று அரபா நோன்பு. ஊரே நோன்பு. பரீதாவும் நோன்போடு எனக்குச் சமைத்து வைத்தாள். பெருநாளுக்கு அறுக்கும் குர்பானில் பங்கு பற்றிப் பேச ஸெய்னுதீன் நேரே உள்ளே வந்துவிட்டார். என் கை சோற்றில். ஆஸ்பத்திரியில் கிடந்ததற்குப் பிரஷர் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"காக்கா, இன்டைக்கி அரபா நோன்பெல்லா?"

இன்னொரு பொய்க்கு வாய் திறந்தேன். வரவில்லை. "எனக்குச் சாப்பிடப் பயப்படுற வருத்தம், தம்பி. முந்திப் பிடிச்சதும் நோன்பில்ல, பட்டினி" என்றேன்.

சிரிப்பார் என்று காத்திருந்தேன். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அவருடைய மகள் அசனாவைப் பற்றித் தொடங்கினார்.

"அவளும் திங்கள் வியாழன் நோன்ப விடுறாளில்ல. நோன்பு தொறந்தாலும் தண்ணிதான். நான் ஊரெல்லாம் பெரும பேசித் திரியிறன்." பிறகு மெதுவாக: "அந்த டொக்டர்ட பேரென்ன?"

வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்.