ஊரில் விசாரித்தது

ஞாயிறு இரவு, தோர்ண்டன் ஹீத், லண்டன்.

அக்கா கட்ட விரும்பும் பெடியன் இங்கே பிறந்தவன், டொக்டர். ஊரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் மாமா ஒவ்வொரு நாளும் ஊருக்குப் போன் எடுத்து அவனுடைய பூட்டன் வரை தோண்டினார். எந்தத் தெரு, எந்த ஒழுங்கை, எந்தக் கோயில், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார்கள். கேட்டால், குடும்ப வரலாறு பார்க்கிறாராம்.

இன்று பின்னேரம் தீர்ப்புச் சொன்னார். "எங்களைவிட ஒரு படி குறைவுதான். டொக்டர் எண்டபடியால் விடலாம்."

அம்மா கேசரி கிண்டத் தொடங்கினா. அப்போதுதான் பெடியனின் தாய் போன் எடுத்தா. அவர்களும் ஊரில் விசாரித்தார்களாம். எங்கள் பகுதி சரிவராதாம்.

அம்மா மாமாவைப் பார்த்து வெடித்தா. "லண்டனிலை இருந்துகொண்டு இந்தக் காலத்திலை ஆர் அண்ணை சாதி பாக்கிறது? காட்டுமிராண்டியள்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை.

"அவர் என்னவாம்?" என்று அவளைக் கேட்டேன்.

"அம்மாவோடை கதைச்சிட்டுச் சொல்லுறாராம்."

நாள் முழுக்க யார் எவரென்று கேட்காமல் எல்லாருடைய உடம்பையும் தொட்டுப் பார்க்கிறவன். அக்காவைக் கட்ட மட்டும் தாயிடம் கேட்க வேண்டுமாம்.

கீழே மாமா திரும்பவும் ஊருக்குப் போன் எடுக்கிறார். எங்களைப் பற்றிச் சொன்னது யாரென்று விசாரிக்கிறார்.