தாம்பூலத்தோடு வந்த கல்

இன்று காலையும் காற்றில் பின்கதவு அறைந்து சாத்திக்கொண்டது. கையிலிருந்த காபி சட்டையில் சிந்தியது. நீ தந்த கல் முட்டுக் கொடுத்திருந்தவரை அந்தக் கதவு அசைந்ததில்லை.

பாகூர் ரைஸ் மில்லை மகனிடம் விட்டுவிட்டு, கல்வராயன் மலையில் ஓடைக்கரையில் வீடு கட்டினாய். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்பதால் புதுமனைப் புகுவிழாவுக்கு என்னையும் வேனில் ஏற்றிப் போனாய். அந்த ஓடை படிப்படியாக இறங்கியது. குறுக்கே பாறைகள், அவற்றின் இடுக்குகளில் இறுகிய உருண்டைக் கற்கள். தண்ணீர் ஒவ்வொரு படியிலும் விழுந்து, நுரைத்து, அடங்கித்தான் அடுத்ததற்குப் போனது. உன் வீட்டுக்கு நேர் கீழே மட்டும் படி இல்லை. குளிக்க இடம் வேண்டுமென்று பாறைகளைப் பெயர்த்துவிட்டாய். இடுக்குக் கற்களைக் கழுவி, வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையோடு ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இருந்தும் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் உன் காதருகே சொன்னேன். "அந்தக் கல்லுங்கதான்பா தண்ணி வேகத்தப் புடிச்சி வெச்சிருக்கு. எடுத்துட்டா அடிய அறுக்கும். கரை நிக்காது."

நீ பந்தலுக்கே கேட்கும்படி சிரித்தாய். "வாத்தியார் இன்னா சொல்றான் பாரு! கல்ல எட்த்தா ஓடை கோச்சிக்குமாம்! ரிடையர் ஆயும் பாடம் எட்க்கறத வுட மாட்டியாடா? எட்த்துனு போ, உன் வூட்டுக் கதவுக்கு முட்டுக் குடு."

எல்லோரும் சிரித்தார்கள். என் கணிப்புதான் தவறோ என்று எனக்கே தோன்றிவிட்டது. கல்லை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

அடுத்த ஐப்பசி மழையில், படி போன இடத்திலிருந்து ஓடை அடியைத் தோண்டியது. கரை வீட்டோடு சரிந்தது. நீ உள்ளே இருந்தாய்.

கருமாதிக்கு முந்தின நாள் உன் மகன் வந்தான். "காரியத்துக்குக் கல்லு நட்டாகணும் மாமா. நம்ம ஆத்துல வெறும் மணலுதான். அப்பா குடுத்தாரே, அது இருக்கா?"

கொடுத்தேன். குருவிநத்தத்தில் பெண்ணையாற்றங்கரையில் அதை நட்டு, உன் பெயர் சொல்லிப் பால் ஊற்றினார்கள். பிறகு ஆற்றில் போட்டார்கள். "அன்னிக்கே வெவரம் தெரிஞ்சவன் ஒருத்தன் எடுத்துச் சொல்லியிருந்தா..." என்றார், பந்தலில் சிரித்தவர்களில் ஒருவர்.

பெருவெள்ளம் வராதவரை அந்தக் கல் போட்ட இடத்திலேயே கிடக்கும். சமவெளிக்கு வந்துவிட்ட ஆற்றுக்கு அதை நகர்த்தும் வலு இல்லை. கதவுக்கு வேறு கல் வைக்கலாம் என்கிறாள் மருமகள். வேண்டாம் என்றுவிட்டேன். கதவு அறையும்போதெல்லாம், அன்று உன் காதில் முணுமுணுத்ததை உரக்கச் சொல்கிறேன்: "எடுக்காதடா, கரை நிக்காது!"

எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வீட்டில் நினைக்கிறார்கள்.