சவ ஊர்வலத்துக்கு நின்றவர்

2019 மே 6
தக்காளி நாற்று வைத்தேன். என் வீட்டுக்காரர் லூசியஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை. அலபாமாவில் பாதி ஊர்களுக்குப் பேருந்து ஓட்டிய மனுஷன், கடைக்குக்கூட என்னைத்தான் அனுப்புகிறார்.

மே 9
பர்மிங்ஹாமிலிருந்து வக்கீல் வந்தாள். நவோமி ஸ்ட்ராண்ட். சின்ன வயது, நிதானமான பேச்சு. நடந்ததைச் சொல்லச் சொன்னாள். லூசியஸ் தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

மார்ச்சில் நெடுஞ்சாலையில் ஒரு சவ ஊர்வலம் எதிரே வந்தது. ஓரம் கட்டி நிறுத்தினோம். இங்கே எல்லாரும் செய்வதுதான். லூசியஸ் ஒரு படி மேலே போவார்: இறங்கி நின்று, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கடைசிக் கார் போகும்வரை வாய் திறக்க மாட்டார். அவருடைய அப்பா அப்படித்தான் நிற்பாராம். இறந்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது.

போலீஸ் வண்டி ஒன்று பின்னால் வந்து நின்றது. பிராண்ட் என்ற அதிகாரி, வடக்கே மிஷிகனிலிருந்து வந்து வேலையில் சேர்ந்தவன். "ஏய், இங்க என்ன பண்ற? பேரு என்ன? தொப்பிக்குப் பின்னால என்ன வெச்சிருக்க?" லூசியஸ் பேசவில்லை. "ஐயா, சவம் போகுது, முடிஞ்சதும் சொல்வாரு" என்று காருக்குள்ளிருந்து நான் சொன்னேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும்போதே விலங்கு மாட்டினான். அரசுப் பணிக்கு இடையூறாம். ஊர் நீதிபதி அந்தக் குற்றச்சாட்டை அப்போதே தள்ளுபடி செய்துவிட்டார். ஆனால் நடந்தது நடந்ததுதானே.

"மிஸ்டர் லூசியஸ், உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள் நவோமி.

"அவன் என்னைக் கைது பண்ணினது தப்புன்னு ஒரு நீதிபதி சொல்லணும்மா. வேற ஒண்ணும் வேணாம்."

ஆகஸ்ட் 2
பிராண்ட் மேல் வழக்குப் போட்டாயிற்று. ஞாயிறு தேவாலயத்துக்கு நான் தனியாகத்தான் போனேன்.

2020 ஜனவரி 22
வக்கீல்கள் முன்னால் சத்தியம் செய்து பிராண்ட் சொன்னானாம்: "எங்க ஊர்ல சவத்துக்காக யாரும் ரோட்டுல நிக்கிறதில்ல. எதையோ மறைக்கிறாருன்னு நெனச்சேன்." பொய் சொல்கிறான் என்று தோன்றவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

செப்டம்பர் 17
தோற்றோம்.

நவோமி போனில் விளக்கினாள். போலீஸ்காரர்களுக்குச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இதே மாதிரி ஒரு கைது தப்பு என்று மேல் நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தால்தான் அவர்கள்மேல் வழக்கு நிற்கும். இல்லையென்றால், அது தப்பு என்று அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்று விட்டுவிடுவார்கள். சவ ஊர்வலத்துக்கு நின்றவரைக் கைது செய்த வழக்கு இதற்கு முன் ஒன்றுகூட இல்லை.

லூசியஸ் போனை வாங்கினார். "இவ்வளவு முட்டாள்தனம் இதுக்கு முன்னாடி எவனும் பண்ணல. அதனால முதல்ல பண்ணினவன விட்டுடணும். அப்படித்தானே?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு, "அப்படித்தான், மிஸ்டர் லூசியஸ்" என்றாள்.

"தப்பா இல்லையான்னாவது நீதிபதி சொன்னாரா?"

"இல்லைங்க. அந்தக் கேள்வியையே தொடாம தாண்டிப் போயிட்டார். அப்படிச் செய்ய நீதிபதிக்கு அனுமதி உண்டு."

எப்படித் தாண்ட முடியும்? கேட்டதே அந்த ஒன்றைத்தானே.

செப்டம்பர் 20
சாப்பிடும்போது திடீரென்று கேட்டார்: "அந்தச் சாவு வீட்டுக்காரங்க என்ன நெனச்சிருப்பாங்க, வெர்லீன்? கடைசியா வழியனுப்பப் போற நேரத்துல, ரோட்டோரம் ஒரு திருடன் பிடிபடுறதப் பாத்துட்டுப் போனாங்க."

இத்தனை நாள் இதையா உள்ளே வைத்திருந்தார்? நான் அவமானம் என்று நினைத்தேன். இது வேறு. இவர் அவர்களுக்காக வருந்துகிறார். எழுந்துபோய் அவர் தலையை என்மேல் சாய்த்துக்கொண்டேன். சோள ரொட்டி ஆறிப்போயிற்று.

அப்புறம் நவோமியைக் கூப்பிட்டு, மேல்முறையீடு செய் என்றேன். அவரைக் கேட்கவில்லை.

2021 அக்டோபர் 12
மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்துவிட்டது. மூன்று நீதிபதிகள்.

"ஜெயிச்சோமா, தோத்தோமா? அத மட்டும் சொல்லும்மா" என்றேன்.

"தோத்துட்டோம், மிஸ் வெர்லீன். பிராண்ட் மேல வழக்கு நிக்காது. ஆனா இந்தத் தடவை தாண்டிப் போகல. கேளுங்க, படிக்கிறேன்." படித்தாள்: இறந்தவருக்கு மரியாதை செய்து பேசாமல் நின்ற ஒருவரை, அந்த மௌனத்துக்காகவே கைது செய்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம். இனி எந்த அதிகாரியும் இது தனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

லூசியஸ் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னொரு தடவை படிம்மா."

படித்தாள். மறுபடியும் கேட்டார். மறுபடியும் படித்தாள்.

அக்டோபர் 13
மதியம் நாற்காலியிலேயே குறட்டை விட்டுத் தூங்கினார். பாத்திரம் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

2023 ஏப்ரல் 18
நவோமி அழைத்ததால் மாண்ட்கமரி போய்வந்தோம். வேறொரு ஊர், வேறொரு வழக்கு. ஆர்வெல்லா மோஸ்லி என்ற பெண். தம்பி விபத்தில் இறந்த சாலையோரத்தில் போன வருடம் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்திருக்கிறாள். போலீஸ்காரர் கேட்டதற்கு உடனே பதில் சொல்லவில்லை. விலங்கு.

நீதிமன்றத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தோம். இரண்டு பக்க வக்கீல்களும் பேச்சுக்குப் பேச்சு கெய்தர், கெய்தர் என்று எங்கள் குடும்பப் பெயரைச் சொன்னார்கள்; எங்கள் வழக்குக்கு இப்போது அதுதான் பெயராம். "என்னடி இது, எங்கப்பாவ யாரோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க" என்று லூசியஸ் என் காதில் சொன்னார். சிரிப்பை அடக்க இருமினேன்.

நீதிபதி சொன்னார்: கெய்தர் வழக்குக்குப் பிறகு, தெரியாது என்று எந்த அதிகாரியும் சொல்வதற்கில்லை. பாதுகாப்பு கிடையாது. வழக்கு நடக்கட்டும்.

வெளியே ஆர்வெல்லா வந்து லூசியஸின் கையைப் பிடித்தாள். "நீங்கதான் அந்தக் கெய்தரா? உங்க வழக்குல நீங்க தோத்துட்டீங்கன்னு சொன்னாங்க."

"ஆமாம்மா. தோத்துட்டோம்."

அவள் கையை விடவில்லை. "சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றாள்.

வழியில் ஒரு கடையில் ஆர்வெல்லாவோடு பொரித்த மீன் சாப்பிட்டோம். உன் தம்பி எப்படிப்பட்டவன் என்று லூசியஸ் கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். தட்டு எடுக்க வந்த பெண்ணைப் பிறகு வரும்படி ஜாடை காட்டிவிட்டு, ஆர்வெல்லா சொல்லி முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.