கமுக்கட்டு வெங்காயம்

எத்தாளை, 1944

அன்புள்ள நானாவுக்கு ஸலாம்.

யூனிவர்சிட்டி வைத்திய அறையில் பத்து நாளாகப் படுத்திருக்கிறீர்களாமே! அங்கே மாணவர்களுக்கும் புரொபசர்களுக்கும் ஒரே டாக்டர்தானா? புரொபசரும் அவருக்கு நாக்கை நீட்டிக் காட்ட வேண்டுமா? மருந்தை மறந்தால் புரொபசருக்கும் ஏச்சு விழுமா?

உங்கள் கடிதத்தை உம்மாவுக்கு உங்கள் தங்கச்சிதான் வாசித்துக் காட்டினேன்.

"மூக்கொழுகும் வெறும் தடிமனுக்குப் பத்து நாளா மகள்?" என்று கேட்டார்.

"சோதனை எழுதப் பயந்து நானா நடிக்கிறார் உம்மா" என்றேன். கமுக்கட்டில் வெங்காயத்தை இடுக்கி வைத்தால் உடம்பு கொதிக்கும் என்று முதலில் கண்டுபிடித்தது நானா? இல்லை, என் நானா! உம்மா சிரித்துவிட்டார்.

ஆனால் அந்தக் கடிதத்தில் கையொப்பம் மட்டும்தான் உங்களுடையது. மற்றதெல்லாம் வேறு யாரோ எழுதியது. உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

நம் தோட்டத்துச் சின்ன வெங்காயம் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். நடிப்பென்றால் பதிலின் மூலையில் ஒரு வெங்காயம் வரையுங்கள். நிஜமென்றால் இரண்டு. இரண்டு வந்தால், நடிப்பு இரட்டிப்பு என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு, வாப்பாவையும் இழுத்துக்கொண்டு அன்றைக்கே கொழும்புக்குப் புறப்பட்டுவிடுவேன்.

வேறு யாரிடமும் வரையக் கொடுக்காதீர்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை. உங்கள் கோணல் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்களிடம் வெங்காயம் படித்த தங்கச்சி